தண்ணியைக் கீழே ஊற்றவில்லை, ரேவதி

என் தங்கமே ரேவதி,

பணம் வந்துவிட்டது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பித்தால் என்னால் மேலே எழுத முடியாது. நீ கேட்டுக் கேட்டு அலைந்த ஆராய்ச்சிப் பணம் வந்துவிட்டது. வைகாசியில் வந்தது. நீ தையிலேயே போய்விட்டாய். நடுவில் மாசி, பங்குனி, சித்திரை. அந்த மாதங்களை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ரேவதி என் ஒரே தங்கை. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்தாள். நான் ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூல் வேகவைக்கிறவள். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து இது. தப்பு இருந்தால் நீ சிரிப்பாய். சிரியேன். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

வாங்கி வருகிற பட்டு நூல் விறைப்பாக இருக்கும். புழு தன் கூட்டை ஒட்டுவதற்காக விட்ட பசை அதில் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் பசை தண்ணீரில் இறங்கிவிடும், நூல் மெத்தென்று மினுங்கும். நூலை எடுத்துக்கொண்டு தண்ணீரைச் சாக்கடையில் விடுவோம். அது என் வேலை. அந்தச் சாக்கடைத் தண்ணீர் உன் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நீதான். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாய். “அக்கா, தண்ணிய கீழ ஊத்திடாத. ஒரு கேன் புடிச்சி வை, நான் வந்துகினே இருக்கேன்” என்பாய். உனக்காகச் சோப்பு போடாமல் ஒரு குண்டானில் தனியாக வேகவைத்து நான் எடுத்து வைப்பேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. போன் மேசை மேல் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறேன்.

வேலூர் பஸ்ஸில் அந்தக் கேன் ஒழுகியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நானும் கூட வந்திருந்தேன். முந்தின நாள் பிடித்த தண்ணீர், வெயிலில் ஊறிப் புளித்துப்போய் பஸ் முழுக்க நாற்றம். எல்லாரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“யாருமா அது, கருவாட்டுக் கொழம்ப டப்பாவுல எடுத்துகினு வந்தது?” என்று கண்டக்டர் கத்தினார்.

“பட்டு சார்” என்றாய் நீ.

“பட்டா? பட்டு இப்டியா நாறும்?”

“கட்டிக்கிறப்ப நாறாது சார். வேகறப்பதான் நாறும்.”

பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அந்தக் கேனைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ஒழுகுகிற இடத்தில் துப்பட்டாவைச் சுற்றினாய். அந்த நீலத் துப்பட்டா என்னிடம்தான் இருக்கிறது. எத்தனையோ தடவை துவைத்தாய், கறை போகவில்லை. நான் துவைக்கவே இல்லை.

ஏன் இந்தத் தண்ணீர் மேல் உனக்கு இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு மட்டும் தெரியும். அம்மாவின் காலில் சர்க்கரைப் புண். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் துணியோடு சதையும் ஒட்டிக்கொண்டு வரும். அம்மா கத்தமாட்டாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். துணி பிரிகிற சத்தம் கேட்காதபடி நீ வாசலில் நின்று காதைப் பொத்திக்கொள்வாய். அம்மா போன பிறகு ஒரு நாள் சொன்னாய்: “பட்டுப் பசையில பாலேடு மாதிரி மெலிசா ஒரு ஏடு பண்ணலாம் அக்கா. புண்ணு மேல வெச்சா போதும். பிரிக்கவே வேணாம். ஆற ஆற அதுவே கரைஞ்சி காணாம போயிடும்.”

“காணாம போற பொருளுக்கு யாருடி பணம் குடுப்பாங்க?” என்று கேட்டேன்.

அதையேதான் நீ பணம் கேட்கப்போன இடத்திலும் கேட்பார்கள் என்றாய். போகிறதுக்கு முந்தின நாள் என் சமையலறையில் ஒத்திகை பார்த்தாயே! என்னை முக்காலியில் உட்காரவைத்து, “நீதான் கமிட்டி. கேள்வி கேளு. நல்லா மொறைச்சிக்கினு கேளு” என்றாய். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தேன்.

“இதுக்கு எதுக்குமா பணம்?”

“மூணு காரியத்துக்குங்க மேடம். மண்ணுல மக்குற பொருள் செய்யறதுக்கு ஒண்ணு. விறகு எரிக்காம வெயில்லயே தண்ணி சூடு பண்றதுக்கு ஒண்ணு. மருந்து நம்ம ஊர்லயே செய்யறதுக்கு ஒண்ணு.”

“மூணும் ஒரே பட்டறையிலயா?”

“ஒரே குண்டான்லங்க மேடம்.”

“சரி, உப்பு போட்டியா?” என்று கேட்டேன். அடுப்பில் சாம்பார் இருந்தது. நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மறுநாள் போய்விட்டு வந்தாய். என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். “பாத்துக்கலாம் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாய். அப்போதே உடம்பு சுட்டது. உண்மையில் அவர்கள் என்ன கேட்டார்கள், ரேவதி? நீ என்ன பதில் சொன்னாய்? இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காய்ச்சலைப் பற்றி எழுதமாட்டேன்.

யுனிவர்சிட்டியில் உனக்கு வழிகாட்டிய உன் மேடம் வைகாசியில் நேரிலேயே வந்தார். உன் போட்டோவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். பணம் கிடைத்துவிட்டது, ஆனால் அது ரேவதி பெயரில் கிடைத்தது. அவள் இல்லாததால் வேறொருத்தர் பொறுப்பு எடுக்கவேண்டும். எடுத்தவர் ஆடி முடிவதற்குள் பட்டறையிலேயே ஒரு முறை செய்து காட்டவேண்டும். காட்டாவிட்டால் பணம் வரிசையில் அடுத்து நிற்கிறவர்களுக்குப் போய்விடும். உன் வேலை அத்தோடு மூடப்படும்.

“ரேவதி இடத்துல ஒரு பொண்ணு வராங்க” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் காப்பித் தம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. உன் இடம் காலியாக இருக்கிறது என்பதையே நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் அதில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாளா?

அவள் பெயர் திவ்யா. கலசப்பாக்கம் பக்கம். விவசாயக் குடும்பம். ஒல்லியாக இருப்பாள், மெதுவாகப் பேசுவாள், நெருப்பைக் கண்டால் பயம். பட்டறைக்கு வந்த முதல் நாளே “அக்கா, வணக்கங்க” என்றாள்.

“அக்கான்னு கூப்பிடாதம்மா” என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

பாவம், அந்தப் பெண் பயந்துபோய் அன்றிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். வேகவைக்கிற பொம்பளைக்கு மேடம்! என்னோடு வேலை செய்கிற கன்னியம்மாவை உனக்குத் தெரியும், விடுவாளா? “விஜயா மேடம், அந்த அடுப்பாண்ட இருக்கிற வாளிய கொஞ்சம் நவுத்துறீங்களா மேடம்?” என்று நாளெல்லாம் என்னைப் பேஜார் பண்ணினாள்.

ஆடி பிறந்ததும் சாமான்கள் வந்து இறங்கின. பட்டறை மேல் கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. வெயிலிலேயே தண்ணீர் கொதிக்கிற பதத்துக்கு வந்துவிடுகிறது, பிறகு கொஞ்சம் கரண்ட் போதும். கீழே உன் லேபில் இருந்த அந்தப் பெரிய மூடி போட்ட பாத்திரம். சோப்புக்குப் பதிலாக ஆவியை உள்ளே அழுத்தி வைத்தே பசையை இறக்குமாம். கன்னியம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, “குக்கரு! எத்தினி விசிலுமா உடணும்?” என்று கேட்டாள். திவ்யா முதல் தடவையாகச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. உனக்குக் குழி விழாது. இதையெல்லாம் நான் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

முதலாளிக்கு மனசே இல்லை. “சோப்பு போடாம பட்டு வேகுமா? என் நூலு கெட்டா யாரு ஜவாப்பு? அதுவும் ஆடி மாசத்துல புதுசா எவனாவது தொடங்குவானா?” என்றார்.

“ரேவதி வேலைங்க முதலாளி” என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கட்டு நூலை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீ தலையில் அடித்துக்கொள்ளக்கூடாது.

புதுப் பாத்திரத்தில் முதல் நூல் இறக்கும்போது நம் பட்டறையில் தண்ணீரில் மஞ்சள் போடுவோம் அல்லவா? நான் போடக்கூடாது. உன் வருஷம் இன்னும் திரும்பவில்லை. அதனால் நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். திவ்யா மூடியை மாட்டினாள், சூடு பார்த்தாள், நேரம் பார்த்தாள். எல்லாம் நீ எழுதி வைத்தபடி. ஆறவிட்டுத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

“மேடம்… தண்ணி மஞ்சளா இருக்குதுங்க.”

“இருக்கும்மா. நான்தான் போட்டேன்” என்றாள் கன்னியம்மா பெருமையாக. “ஆடி மாசமா வேற போயிடுச்சா, அதான் கொஞ்சம் தாராளமாவே போட்டேன். கடைத்தூளு இல்ல, நானே அரைச்சது.”

“ஐயோ, வேற எதுவும் சேரக்கூடாதுங்க. சேர்ந்தா இது செல்லாது.”

“இன்னாம்மா நீ! புண்ணுக்கு மஞ்சள் நல்லதுதானே? மருந்துல மருந்தப் போட்டா கெட்டா பூடும்?”

“நாளைக்குப் புண்ணு ஆறுச்சின்னா, பசையால ஆறுச்சா, மஞ்சளால ஆறுச்சான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?”

“ரெண்டாலயும்னு சொல்லு.”

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளையாக வரவேண்டிய நூல் மாம்பழ நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா எங்கள் முகங்களைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு வேலைல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேனே” என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, ரேவதி. நான் போட முடியாத மஞ்சளை எனக்காக அவள் போட்டாள். உன் பெயரில் நடக்கிற காரியம் வெறுமையாகத் தொடங்கக்கூடாது என்று நினைத்தாள். அதை எப்படித் திட்டுவது? ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, நீ இரண்டாம் தடவையும் போகிறாய் என்று தோன்றியது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தத் தடவையும் சுவரோரமாக நின்றுகொண்டுதான் இருக்கப்போகிறேனா?

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

“இன்னொரு கட்டு குடுங்க முதலாளி.”

“எதுக்கு? அதையும் மாம்பழம் பண்றதுக்கா?”

“நூலு கெடலைங்க. கலருதான் மாறிப்போச்சி. தொட்டுப் பாருங்க.”

அவர் வேண்டா வெறுப்பாகத்தான் தொட்டார். பிறகு கையை எடுக்கவில்லை. விரலில் வழுக்கிக்கொண்டு போயிற்று அந்தப் பட்டு. “சோப்பே போடலையா?” என்று திவ்யாவைக் கேட்டார். இல்லை என்றாள். இன்னொரு தடவை தொட்டார். “இத அரக்குச் சாயத்துல முக்கிக்கலாம் உடு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த கட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆடி முடிகிற சமயம். காற்று பட்டறைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கெட்டால் அடுத்த தடவை கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். கன்னியம்மா பாத்திரத்தின் பக்கமே வரவில்லை. “நான் மஞ்சள் எடுத்தாரல. ஆனா வெறும் தண்ணியில பட்ட எறக்கறத என்னால பாக்க முடியாது. நான் வெளிய போறேன்” என்றாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. திவ்யாவிடம் கேட்டேன்: “ஏம்மா, உள்ளதானே எதுவும் போகக்கூடாது? வெளிய பூசினா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மூடிகிட்ட வேணாங்க மேடம். கீழ, வயித்துப் பக்கம், எவ்ளோ வேணும்னாலும் பூசுங்க.”

கன்னியம்மா ஓடிப்போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். நலங்கு வைத்த பெண் மாதிரி அந்தப் பாத்திரத்தை ஆக்கிவிட்டாள். பிறகு திவ்யா எல்லாரையும் தொட்டியில் கை கழுவ வைத்தாள், நகத்தைக்கூடப் பார்த்தாள். சூடு ஏற ஏறப் பட்டறை முழுக்க மஞ்சள் வாசனை. உள்ளே உன் தண்ணீர் சுத்தமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சுவரோரமாக நிற்கவில்லை. பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

திடீரென்று மேலேயிருந்து ஆவி பீய்ச்சிக்கொண்டு வந்தது. அப்படித்தான் வரவேண்டுமாம், அழுத்தம் கூடினால் தானாக விடுமாம். அது திவ்யாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அலறினாள்.

“அக்கா!”

நான் திரும்பினேன். யோசித்துத் திரும்பவில்லை. அந்த வார்த்தைக்கு உடம்பு தானாகத் திரும்பியது. அவள் கையைப் பிடித்து இழுத்து எனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு நொடி எனக்கு நீ இருந்தாய், ரேவதி. அடுத்த நொடி முகத்தைப் பார்த்தேன். நீ இல்லை.

“மன்னிச்சிடுங்க மேடம், பயந்துட்டேன்” என்றாள்.

“பயப்படாத. அக்கா இருக்கேன்” என்றேன்.

யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

திறந்தபோது தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி தெளிந்த வெளுப்பாக இருந்தது. திவ்யா அதைக் கேனில் பிடித்து, உன்னை மாதிரியே மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனாள். ஆவணியில் உன் மேடம் போன் செய்தார். வேலை தொடரும். பணம் திரும்பிப் போகாது. தாள்களில் முதலில் உன் பெயரும் அதற்குக் கீழே திவ்யா பெயரும் இருக்கும் என்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய் நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்படி ஒரு ஆத்திரம். எந்த நம்பருக்குப் போடுவது?

ஐப்பசி மழையில் திவ்யா ஒரு நாள் வந்தாள். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் அந்த ஏட்டைக் கொண்டு வந்திருந்தாள். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, அதைவிட மெல்லிசு. விளிம்பில் கிழிந்த ஒரு துண்டு சோதனைக்கு ஆகாதாம். அதை எனக்குக் கொடுத்தாள்.

“இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? ஊதினா பறந்துடும்போல கீதே” என்றாள் கன்னியம்மா. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தாள்.

புண்ணுக்கு இன்னும் போடக்கூடாதாம். சோதனைகள் நிறைய இருக்கின்றனவாம், வருஷக்கணக்கில் ஆகுமாம். அவை முடியாமல் யாருக்கும் வைக்கக்கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாயாம். சரி என்றேன். அம்மா மாதிரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் காத்திருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தத் துண்டை நான் உன் போட்டோவின் கண்ணாடி மேல் வைத்தேன். உன் கை செய்ய நினைத்தது, உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று. உன்னுடையதாக என்னிடம் ஏதாவது ஒன்று தங்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கறை பிடித்த துப்பட்டா போதவில்லை.

மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஈரம். ஒரு காலையில் பூ மாற்றப் போனேன், அந்தத் துண்டைக் காணோம். கீழே விழுந்துவிட்டதா என்று தேடினேன். விழவில்லை. ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. விரலால் தடவினேன். உன் நெற்றியிலா, கன்னத்திலா, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம் என்று கை போனது. பிரிக்கவே வேணாம் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

திவ்யா இந்த வாரமும் வருகிறாள். இப்போது என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை. அவளுக்குக் கத்தரிக்காய்க் கூட்டு பிடிக்குமாம். உனக்குப் பிடிக்காது. உன் பங்குக்கு நான் சாப்பிடுகிறேன்.

ரேவதி, உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் கை ஓடுகிற வரைக்கும் அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். மஞ்சள் வெளியேதான் இருக்கும். உள்ளே உன் தண்ணீரில் எதுவும் சேராது. யாருடைய காலிலாவது அந்த ஏடு கரைந்து காணாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு அவர்கள் கட்டில் சட்டத்தைப் பிடிக்காமல் பேசிக்கொண்டிருப்பதை உனக்குப் பதிலாக வாசலில் நின்று நான் கேட்பேன். காதைப் பொத்திக்கொள்ளமாட்டேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ போன் செய்யமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், தண்ணியைக் கீழே ஊத்தமாட்டேன்டி.

ஒரு கேன் பிடித்து வைத்திருக்கும்,
உன் அக்கா
விஜயா